திருக்கோயிற் பொருளுக்கு உடையார் யாவர்?

திருக்கோயிலுக்கு விடப்பட்ட நிலமும் பொன்னும் அணிகலனும் யாருடையன என்னும் வினா மிக எளியதுபோலத் தோன்றும். 'சிவபெருமானுடையன' என்று சைவச் சிறுவனும் விடை கூறுவான். அவ்விடை உண்மையே. ஆயினும் அதனைச் சிறிது ஆராயப் புகின் இடர்ப்பாடு ஒன்று எழுகின்றது. உலகமெல்லாம் இறைவன் உடைமை, உயிர்களெல்லாம் அவன் அடிமை என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. எல்லாம் அவனுடையனவாயின், இந்த நான்கு வேலி நிலம் மாத்திரம் அவனுடையது என்று கல்லில் வெட்டி வைத்தற்குப் பொருள் யாது? அதனை அடுத்த வயல் அவனுடையது அன்றோ? முன்னரே தன்னுடையதாயிருப்பது ஒன்றை ஒருவனுக்குப் பிறனொருவன் கொடுத்தான் என்றல் கூடுமோ? பசியும் பிணியும் இல்லாத முதல்வனுக்கு நெல் எதன்பொருட்டு?

இவை ஏட்டளவில் நின்றுவிடும் வினாக்கள் அல்ல. நீதிமன்றங்களில் இவை வேறு சொற்களில் எழுகின்றன. அங்கே கூறப்படும் விடைக்கேற்ப நிலம் கைம்மாறுகின்றது. ஒரு கோயிலில் விளக்கு எரிகின்றது, மற்றொன்றில் அவிகின்றது. ஆதலின் இதனைச் சைவர் வழக்கறிஞர்க்கே விட்டுவிடுதல் தகாது.

முதற்கண் எதிர்க்கட்சியைக் கேட்போம். தெய்வத்திற்கு உடைமை இல்லை என்று கூறினார் நாத்திகர் அல்லர். வேதத்தையே உயிரெனக் கொண்ட மீமாஞ்சை நூலார். சைமினி சூத்திரத்திற்குப் பாடியம் செய்த சபரசுவாமி, தேவகிராமம், தேவக்ஷேத்திரம் என்பன உபசார வழக்கே என்றார். ஒரு பொருளைத் தான் கருதியவாறு பயன்கொள்ளும் ஆற்றலுடையான் எவனோ அவனே அதற்கு உடையான். தேவதை ஓர் ஊரையேனும் வயலையேனும் அவ்வாறு பயன்கொள்ளுதலைக் காண்கிலேம். அவற்றின் வருவாயால் வாழ்வார் தேவப்பணி செய்யும் மக்களே என்பது அவர் கருத்து. இக்கருத்துப் பழைய ஏட்டோடு ஒழிந்துவிடவில்லை. 1969-ஆம் ஆண்டில் நம் நாட்டு உச்சநீதிமன்றம், வங்காளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தெய்வத்திற்கும் வருமானவரி விதிக்கலாம் என்று தீர்த்தபோது, தெய்வம் பொருளுக்கு உடையதாதல் கருத்தளவான ஒரு பொருளிலேயே என்பதனையும் உடன் கூறிற்று. கருத்தளவில் உடையார்க்கு வரி மாத்திரம் கையளவில் உளது! இது நிற்க.

கோயில்களைப் பற்றிய சட்டங்களின் வரலாறு நெடிது. அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. கம்பெனியார் 1817-ஆம் ஆண்டு ரெகுலேஷனால் சென்னை மாகாணத்து அறநிலையங்களை ரெவினியூ போர்டாரின் மேற்பார்வையிற் கொண்டனர். 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசினர் கைவாங்கினர். 1925-இல் இயற்றப்பெற்றுப் பின் 1927-இல் மீண்டும் செப்பஞ்செய்யப்பெற்ற சட்டத்தால் அறநிலையப் போர்டு ஏற்பட்டது. 1951-இலும் 1959-இலும் வந்த சட்டங்களால் அஃது அரசினர் துறையாயிற்று. 1954-இல் சீரூர் மடத்து வழக்கில் உச்சநீதிமன்றம், வழிபாட்டு முறை வேறு, சொத்துப் பரிபாலனம் வேறு எனப் பகுத்து, முன்னதனை நிலையத்தார்க்கும், பின்னதனை ஒழுங்குசெய்யும் உரிமையைச் சட்டத்திற்கும் உரியவாக்கிற்று. யார் ஆளவேண்டும் என்னும் பூசலே இவ்வரலாறு முழுவதும் கேட்கப்படுகின்றது. யாருக்காக ஆளப்படுகின்றது என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

அவ்வினாவைத் தொட்ட தீர்ப்புக்கள் சில உள. 1925-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலுள்ள ஒரு குடும்பத்தார் தம் குலதெய்வத்தை எவர் இல்லத்தில் வைத்து வழிபடுவது என்று வழக்கிட்டு, இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரையிற் சென்றனர். அங்கிருந்த நீதிபதிகள், தெய்வம் ஒரு தட்டுமுட்டுப் பொருள் அன்று. சட்டத்தின்முன் ஓர் ஆள். எங்கே எழுந்தருளியிருத்தல் வேண்டும் என்பதில் அதன் திருவுள்ளமும் கேட்கப்படல் வேண்டும். அதனை எடுத்துரைத்தற்குப் பற்றற்ற ஒருவர் நியமிக்கப்படல் வேண்டும் என்றனர். பிற சமயத்தைச் சார்ந்த நீதிபதிகள் இவ்வளவு கூறியது வியப்பே. அக்குடும்பத்தார்க்குத் தோன்றாதது அவர்க்குத் தோன்றிற்று.

மற்றொரு கொள்கையைக் கேட்டுச் சைவரிற் பலர் மனம் வருந்துகின்றனர். தெய்வம் என்றும் மைனர் போல்வது என்பது அது. 1967-இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில், தெய்வம் மைனர் நிலையில் உள்ளது. அதன் பொருளைக் காக்கவேண்டியவரே அதற்குக் கேடு சூழின், அடியாருள் ஒருவர் அதன்பொருட்டு வழக்கிடலாம் என்று தீர்த்தது. முற்றறிவும் வரம்பிலாற்றலும் உடைய முதல்வனை வயது நிரம்பாத சிறுவன் என்றல் தெய்வநிந்தை ஆகாதோ எனின், ஆகாது என்க. என்னை? அச்சொல் இறைவனது இயல்பைக் கூறவந்தது அன்று; அவன் பொருளைக் கையாள்வானது கடமையைக் கூறவந்தது. இளையோன் பொருளைக் காப்பவன் அதனைத் தனக்கென விற்றல் ஆகாது. கடன்பட்டு அடகுவைத்தல் ஆகாது. கணக்குக் கேட்பார் இல்லை என்று களித்திருத்தலும் ஆகாது. கேட்க ஆற்றலில்லாதான் சார்பில் நீதிமன்றமே கேட்கும். இறைவனும் தன் நிலத்தைக் கவர்ந்தானை எழுந்துவந்து கைப்பிடித்துக் கேளான். கேளாமை ஆற்றலின்மையால் அன்று. உயிர்கள் தம் வினையைத் தாமே செய்து தாமே அறிதற்கு இடங்கொடுத்து நிற்கும் அருளால். காரணம் வேறாயினும், வாய் திறவாமை இருபாலும் ஒன்றே. அவ்வொற்றுமை பற்றியே சட்டம் உவமித்தது. உவமையை முழுப்பொருளாக எடுத்துக்கொண்டு வருந்துவார், சண்டேசுவர நாயனார் திருச்சந்நிதியிற் சிறிது நின்று எண்ணுவாராக.

நம் முன்னோர் இவ்வினாவுக்குக் கண்ட விடை அச்சந்நிதியிலே இருக்கின்றது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில், சிவன் கோயில் நிலம் விற்கப்படுங்கால் அது சண்டேசுவரப் பெருவிலை எனப்பட்டது. கோயிற் பொருளைப் பற்றிய கொள்வினை கொடுப்பினைகள் ஆதிசண்டேசுவரர் பெயராலே நடந்தன. தஞ்சைப் பெரியகோயிலில், ஊர்ச்சபையார் ஆதிசண்டேசுவரர்பாற் காசு பெற்று ஆண்டுதோறும் வட்டி செலுத்த உடன்பட்ட செய்திகள் பல பொறிக்கப்பட்டுள்ளன. சிவபெருமான் உடையார், அவர் கையெழுத்திடார், கையெழுத்து அடியவருடையது. பரிபாலனர், தக்கார், நிருவாக அதிகாரி என்று இக்காலத்திற் கூறப்படுவார் அனைவரும் அந்நாயனாரின் வழித்தோன்றல்களே. அவர் யார்? தாம் மணலாலமைத்த சிவலிங்கத்திற்குத் திருமஞ்சனமாட்ட வைத்திருந்த பாற்குடத்தை இடறிய தந்தையின் காலைத் துணித்தவர். சிவபொருளைக் காக்கப் புகுந்தவன் முதன்முதல் எதிர்க்கவேண்டியிருந்தது பகைவனை அன்று, தன் குடும்பத்தை. இக்காலத்து அறங்காவலர் சிலர் கோயில் நிலத்தை மைத்துனன் பெயரிற் குறைந்த குத்தகைக்கு விடுங்கால், நாள்தோறும் தாம் வலம்வரும் அச்சந்நிதியை நினைப்பாராயின் நன்று. அங்கே நாம் இரு கைகளையும் விரித்துத் தட்டிக் காட்டுவதும், சிவன் பொருள் ஒன்றும் எடுத்துச் செல்லவில்லை என்று கணக்கு ஒப்புவித்தலே என்பர்.

'சிவன் சொத்துக் குலநாசம்' என்னும் பழமொழியை நம்மவர் பெரிதும் பயன்படுத்துகின்றனர். அதன்பால் எமக்கு அத்துணை மதிப்பு இல்லை. கோயில் நிலத்தை உண்டார் குலம் கண்முன்னே தழைத்திருத்தலைக் கண்டவர் அதனை நம்புதல் ஒழிந்தனர். நம்பிக்கை ஒழிந்தபின் காவலும் ஒழிந்தது. அச்சங்காட்டியதன்றி, அப்பொருள் ஏன் தனதன்று என்பதனை அறிவுறுத்தினார் இலர்.

அதனை அறிவுறுத்த இனித் தொடங்கிய வினாவுக்கு வருவோம். எல்லாம் இறைவனுடையனவாயிருக்க, ஒன்றனை அவனுக்குக் கொடுத்தல் யாங்ஙனம்? சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் திருக்கோயிலையும் அடியார் திருவேடத்தையும் சிவனெனவே வழிபடப் பணிக்கின்றது. எங்கும் நிறைந்தவனை ஓரிடத்து வைத்து வழிபடுதல் எற்றுக்கு என்னும் தடைக்கு, பிறவிடத்துப் பாலில் நெய்போல் விளங்காது நிற்பவன் அவ்விடத்துத் தயிரில் நெய்போல் விளங்கி நிற்பன் என விடை கூறுவர். இவ்விடையையே உடைமைக்கும் கொள்க. அடுத்த வயலும் அவனுடையதே. ஆயின் அங்கே 'எனது' என்னும் பற்று அவனுடைமையை மறைத்து நிற்கின்றது. கோயிலுக்கு விட்ட வயலில் அப்பற்று ஒருவனால் நீக்கப்பட்டது. நீங்கவே, முன்னரே உள்ள உடைமை விளங்கிற்று. கொடுத்தவன் இறைவனுக்கு இல்லாத ஒன்றை ஆக்கித் தந்தான் அல்லன். தன்பால் இருந்த மறைப்பை எடுத்தான். ஆகலின், தேவதானம் என்பது பெயர்மாற்றம் மாத்திரம் அன்று. ஓர் உயிர் தன் மமகாரத்தை ஒரு துண்டு நிலத்தளவேனும் விட்டதற்கு அடையாளம். பிறனொருவன் அந்நிலத்தைத் தனதாக்கிக் கொள்ளுங்கால் அவன் கவர்வது நெல்லை மாத்திரம் அன்று. நீங்கிய இருளை மீட்டும் அவ்விடத்திற் கொணர்ந்து வைக்கின்றான்.

சபரசுவாமிகளுக்கும் இதனால் விடை பெறப்படும். கருதியவாறு பயன்கொள்பவனே உடையான் என்றார். தொட்டிற் குழவியும் பயன்கொள்ளாது. கடல் கடந்து சென்றானும் பயன்கொள்ளான். அவர் உடைமை அழிந்ததென்று எவரும் கூறார். அன்றியும், இறைவன் பயன்கொள்ளவில்லை என்பதே பொருந்தாது. ஐந்தொழிலும் அவன் தன்பொருட்டுச் செய்யாது உயிர்கள்பொருட்டே செய்வதுபோல, தன் நிலத்தின் விளைவையும் உயிர்கள்பொருட்டே கொள்கின்றான். விளக்கெரிதலும், திருமுறை ஓதப்படுதலும், பசித்துவந்தான் அன்னம் பெறுதலும் அவன் பயன்கொள்ளும் வகைகள். இவை நடவாத கோயிலில், கணக்குப் புத்தகம் எத்துணைச் செம்மையாயிருப்பினும், உடையார் தம் பொருளினின்றும் விலக்கப்பட்டிருக்கின்றார்.

இக்கொள்கை கடுஞ்சோதனைக்கு உட்பட்டது பத்தூர் நடராசர் வழக்கில். பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் விசுவநாதசுவாமி கோயில் சிதைந்து, வழிபாடு ஒழிந்து, பல காலம் கிடந்தது. 1976-இல் அதன் அருகே நிலத்தை அகழ்ந்த ஒரு தொழிலாளி கையில் நடராசர் செப்புத் திருமேனி அகப்பட்டது. அது கைம்மாறிக் கைம்மாறிக் கடல் கடந்து, 1982-இல் கானடா நாட்டுக் கம்பெனி ஒன்றால் இலண்டனில் விலைக்கு வாங்கப்பெற்றுச் செப்பஞ்செய்தற்குக் கொடுக்கப்பட்டிருந்தபோது போலீசார் கைப்பற்றினர். கம்பெனியார் அதனைத் தமக்குத் தருமாறு வழக்கிட்டனர். எதிர்வழக்காடினார் யாவர்? இந்திய அரசினர், தமிழ்நாட்டு அரசினர், கோயிலின் சார்பில் தக்கார், திருக்கோயில், இவர்களோடு அவ்விடிபாட்டினிடையே எஞ்சிநின்ற சிவலிங்கம். இலண்டன் மாநகர நீதிமன்றத்திற் சிவலிங்கம் வழக்காடிற்று! திருமேனியில் ஒட்டிய மண்ணும், உடன் கிடைத்த பிற திருமேனிகளின் உலோகமும் ஆராயப்பட்டன. 1988-இல் நீதிபதி கோயிலின் பக்கமே தீர்த்தார். 1991-இல் மேல்நீதிமன்றத்தார் அதனை உறுதிசெய்தனர். நடராசர் தாயகம் திரும்பினார்.

மேல்நீதிமன்றத்தார் எண்ணிய முறை நம் சிந்தைக்கு உரியது. ஆங்கிலர் சட்டத்தில் ஆள் எனப்படும் ஒன்றனுள் உயிருடையார் எவரேனும் இருத்தல் வேண்டும். கம்பெனி ஆளாதல், அதனுள் மனிதர் கூட்டமொன்று இருத்தலால். கோயிலோ, ஒரு நோக்கிற் பார்ப்பின், கற்குவியலினும் சிறிதே மேற்பட்டது. அஃது எங்ஙனம் வழக்கிடும் என்று தடையெழுப்பிக்கொண்டனர். சேதனம் அசேதனம் என்னும் நம் வழக்கையே அவர் தம் மொழியில் வினவினர் என்க. வினவியபின், இந்தியச் சட்டம் ஆளென ஏற்பதனைத் தாமும் மதித்து ஏற்பதே முறை என்று துணிந்தனர். கோயிலின் உரிமையே போதுமானதாகலின், சிவலிங்கத்தின் உரிமையைத் தனியே முடிவுசெய்தல் அவர்க்கு வேண்டாவாயிற்று.

முன்னைய நீதிபதி கூறிய காரணமோ வேறு. பல நூற்றாண்டுகளுக்கு முன் அக்கோயிலை எடுப்பித்தவரது திருப்பணிக் கருத்து அழியாது நிற்கின்றது; எஞ்சிய சிவலிங்கம் அக்கருத்தின் உருவம் என்றார் அவர். நம் நாட்டுச் சட்டநூலாரும் பெரும்பாலும் இக்கருத்தினரே. ஆளாவது கல்லும் அன்று, கடவுளும் அன்று. அறத்தைத் தோற்றுவித்தான் எண்ணமே என்பர். இதனோடு நாம் முழுதும் உடன்படல் இயலாது. எண்ணம் என்பது சிற்றறிவுடைய ஓர் உயிரின் எண்ணம். எண்ணியான் இறந்தான், அவன் பெயரும் மறைந்தது, அவன் எண்ணம் மாத்திரம் எதனைப் பற்றி நிற்கும்? கொடுத்தான் எண்ணத்தால் அன்று, ஏற்றான் நிலைபேற்றால் அக்கொடை நிற்கின்றது என்பதே நமக்குப் பொருத்தமாவது. கோயில் இடிந்தது, பூசகர் போயினர், ஊரவர் மறந்தனர். ஏற்றவன் போகவில்லை.

இவ்வேறுபாடு சொல்வேறுபாடு மாத்திரமோ எனின், அன்று. கொடுத்தான் எண்ணமே வேர் என்று கொள்ளின், அவன் மரபினர் அனைவரும் ஒருங்குகூடி எம் முன்னோன் கருத்து இக்காலத்திற்கு ஒவ்வாது என்று கூறி அதனை மாற்ற முற்படுவர். ஊரிற் பெரும்பான்மையோர் கைதூக்கி, கோயில் நிலத்தை வேறொன்றற்கு ஆக்குவோம் என்பர். வழிபடுவார் இல்லாத கோயிலுக்குப் பொருள் எற்றுக்கு என்பாரும் வருவர். ஏற்றவன் உளன் என்று கொள்ளின் இம்மூவர்க்கும் ஒரே விடைதான்: உடையாரைக் கேளாது உடைமையை மாற்றலாகாது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முப்பத்துநான்காம் பிரிவு, கோயிலுக்கு இன்றியமையாததோ நன்மை தருவதோ ஆனாலன்றி அதன் நிலத்தை விற்றலும் அடகுவைத்தலும் ஐந்தாண்டின் மேற்பட்ட குத்தகைக்கு விடுதலும் கூடா எனவும், அதற்கும் ஆணையரின் இசைவு வேண்டும் எனவும் விதித்திருப்பது இக்கருத்தோடு ஒத்ததே. நன்மை யாருக்கு என்று அது தெளிவாகக் கூறியிருத்தல் பாராட்டத்தக்கது; ஊருக்கு என்றோ அரசினர்க்கு என்றோ கூறவில்லை.

இனி ஒரு தடை. இது நம்மவர் கூட்டங்களில் எழுவது அரிது, ஆயின் எழவேண்டுவது. கோயில் நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக உழுதுவருகின்றான் ஒருவன். கோயில் மனையிற் குடிசையிட்டு வாழ்கின்றாள் ஒருத்தி. உடையார் இறைவன் என்று கூறி இவரை வெளியேற்றுதல் அறமோ? உழுவான் பொருட்டு 1961-ஆம் ஆண்டில் ஒரு தனிச்சட்டமே இயற்றப்பட்டது. பொதுநல அறநிலையங்களின் வேளாண்மை நிலத்தைப் பயிரிடுவார்க்குக் காப்பளிப்பது அது. கோயிலாட்சியார் சிலர் அதனைக் கோயிலுக்கு வந்த கேடு என்பர். அங்ஙனம் கூறுதல் எமக்கு உடன்பாடன்று. உயிர்கள்பொருட்டே பயன்கொள்பவன் இறைவன் என்றோம். அங்ஙனமாயின், அந்நிலத்தில் வியர்வை சிந்தி விளைவிப்பான் வாழ்வும் அப்பயனுள் அடங்கும். அவனை அலைத்துப் பெறும் நெல் திருவமுதுக்கு ஏற்றது அன்று. ஆயின், அவன்பொருட்டு இரங்குவதுபோலப் பேசி, நகரத்திற் கடைகளும் மாடங்களும் எடுத்து, நூறு ரூபாய் வாடகை தரவேண்டிய இடத்திற் பத்து ரூபாயும் தாராது, பல்லாண்டு வழக்காடிக் காலங்கடத்தும் செல்வர் வேறு. இவ்விருவரையும் ஒரே பெயரால் 'குடிகள்' என்று அழைத்து, ஏழைக்குரிய இரக்கத்தைச் செல்வர் கவர்ந்துகொள்ளுதலே நாம் காணும் கொடுமை. நீதிமன்றம் இவரைப் பிரித்தறிதல் எளிது. கோயிலாட்சியார் பிரித்துக் காட்டினாலன்றோ?

பத்தூர் நடராசரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உளது. வழக்கில் வென்று மீண்ட அத்திருமேனி, காப்பில்லாத ஊர்க்கோயிலில் வைத்தற்கு அஞ்சித் திருவாரூரில் உள்ள திருமேனிக் காப்பகத்தில் வைக்கப்பட்டது. அச்சம் பொய்யன்று. அரியலூரைச் சார்ந்த சிறீபுரந்தான் கோயிலின் நடராசர் 2006-இற் களவுபோய், ஆத்திரேலிய நாட்டுக் காட்சிச்சாலையில் நின்று, 2014-ஆம் ஆண்டிலேதான் மீண்டார். ஆயினும், வழிபாட்டின்பொருட்டே கோயில் ஆள் எனப்பட்டது. வழிபாட்டின்பொருட்டே அந்நிய நாட்டு நீதிமன்றம் அத்திருமேனியைத் தந்தது. கம்பெனியார் கையிலிருந்திருப்பின் அது காட்சிப்பொருளாயிருக்கும். காப்பறையில் அதுவும் இல்லை. இளையோன் பொருளைக் காக்கின்றவன், திருடர்க்கு அஞ்சி அவ்விளையோனையே அறையிற் பூட்டுவானாயின், நீதிமன்றம் அதனைக் காவல் என்று கொள்ளுமோ? காப்பகத்துத் திருமேனிகளை விழா நாள்களில் உரிய ஊர்க்குக் காவலருடன் எழுந்தருளச்செய்து, மீட்டும் கொணர்ந்து வைக்கும் வழக்கம் உண்டு. அந்நாள்களை மிகுதிப்படுத்தலாம். சிதைந்த கோயிலைப் புதுக்கி, இரும்புக் கதவும் இராக்காவலும் அமைத்து, திருமேனியை அங்கேயே நிலைபெறச் செய்தலும் இயலாததன்று. நிலமுள்ள கோயில்களில் அதற்கு வேண்டும் பணத்திற்கு வேறெங்கும் கையேந்தவேண்டுவதில்லை. குத்தகைப் பாக்கியை நேரே தண்டினாலே போதும்.